ஒப்புக்கொண்டார், சரி, எப்படி? பொருத்தமான வினையடை தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு எடுக்கிறேன். உயர்தர மாணவர்கள் வருகிறார்கள். கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக்கும் மாதர் சங்கத்துக்கும் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களும் வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். ஒருவர் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் இடம் வந்ததும் பேனை நின்றுவிடும். "ஒப்புக்கொண்டான் எண்டதுக்கு முன்னால என்ன போடுறது, ரீச்சர்?" என்ற கேள்வி வரும்.

வினையடை, அதாவது வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல், கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. புதிதாக எழுதுகிறவர்கள் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். 'தயக்கத்துடன்', 'வெட்கத்துடன்', 'மெதுவாக' என்று மூன்றையும் எழுதிப் பார்த்து, எது நன்றாக ஒலிக்கிறதோ அதை வைத்துவிடுகிறார்கள். அந்தச் சொல் ஆளோடு ஒட்டாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்து பாருங்கள். பாதி இடங்களில் ஆறாவது படிக்குப் போக வேண்டிய தேவையே வராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காட்சி ஒருமுறையாவது முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அரைகுறைக் காட்சிக்கு வினையடை தேடுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

ஒப்புக்கொள்கிறவர் வாயால் சொன்ன ஒரு வரியாவது வேண்டும். அவர் பேசுகிற மாதிரியே எழுதிய வரி.

பிறகு ஒரு தனித்தாள். மூன்றாவது படியில் வரும் கேள்விகளுக்கு அதில்தான் விடை எழுதப் போகிறீர்கள். அதே கொப்பியில் எழுதினால் விடைகள் கதைக்குள் புகுந்துவிடும். பலருக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விதைக்கும் வயல்கள். சிறுபோகம், அதாவது மழை குறைந்த காலத்துப் பயிர். குளத்தில் இருக்கிற தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஓர் இளைஞன் இரவில் வாய்க்கால் வரம்பை வெட்டி, முறை தனக்கு வரும் முன்பே தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டான். அன்றிரவு முறை ஒரு பெண்ணுடையது. அவர் தனியாக வயல் செய்கிறவர். அடுத்த நாள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அவன் அதை ஒப்புக்கொள்கிறான்.

1. வினையடை ஒன்றும் இல்லாமல் எழுதி முடியுங்கள்

முதல் தடவை எழுதும்போது 'ஒப்புக்கொண்டான்' என்று மட்டும் எழுதுங்கள். அல்லது 'சொன்னான்' போதும். முன்னால் எதுவும் வேண்டாம்.

காரணம் இதுதான். 'வெட்கத்துடன்' என்று முதலிலேயே எழுதிவிட்டால், வெட்கத்தைக் காட்டும் வேலை முடிந்துவிட்டதாக மனம் நினைத்துக்கொள்ளும். பிறகு அவனுடைய கையைப் பார்க்க மாட்டீர்கள், காலைப் பார்க்க மாட்டீர்கள். மற்றவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பதையும் எழுத மாட்டீர்கள். அந்த ஒரு சொல் காட்சியின் மீதியை விழுங்கிவிடும்.

2. வினை சரிதானா என்று பாருங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். தமிழில் ஒப்புக்கொள்வதற்குப் பல வினைகள் இருக்கின்றன. பிழையான வினையை எடுத்தால் எந்த வினையடையும் அதைத் தூக்கி நிறுத்தாது.

'ஒப்புக்கொண்டான்' என்பதற்குள்ளேயே ஒரு மறுப்பு மறைந்திருக்கிறது. இதுவரை மறைத்தான், அல்லது மறைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. அதனால் 'உண்மையை', 'தவறை', 'குற்றத்தை', 'தோல்வியை' ஆகிய சொற்களோடு அது நன்றாகச் சேரும்.

'ஏற்றுக்கொண்டான்' வேறு. நடந்தது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். அதன் பாரத்தைத் தோளில் எடுக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். நம் இளைஞனை வரம்பு வெட்டும்போது யாராவது கண்டிருந்தால், கூட்டத்தில் அவன் செய்வது ஏற்றுக்கொள்வதுதான். ஒருவருக்கும் தெரியாவிட்டால் ஒப்புக்கொள்வது.

'ஒத்துக்கொண்டான்' என்பதில் எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் ஒன்று சொல்ல, இவன் வாதாடி, பிறகு அவர் சொன்னதே சரி என்கிறான். வாக்குவாதம் இல்லாத காட்சியில் இந்தச் சொல் கொஞ்சம் வெறுமையாக நிற்கும். பேச்சில் 'ஒப்புக்கொள்', 'ஒத்துக்கொள்' இரண்டும் கலந்துதான் வருகின்றன. எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றினால் உங்களுக்கு ஒரு கருவி கூடுதலாகக் கிடைக்கும்.

'சம்மதித்தான்', 'இணங்கினான்' இரண்டும் இனி நடக்கப்போவதற்கு உரியவை. 'தன் தவறுக்குச் சம்மதித்தான்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நட்டஈடு கொடுக்கச் சம்மதிக்கலாம். செய்து முடித்த தவறுக்குச் சம்மதிக்க முடியாது.

தேவாலயக் காட்சி என்றால் 'பாவசங்கீர்த்தனம் செய்தான்' என்று எழுதுங்கள். மடுப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் அது அன்றாடச் சொல். அங்கே 'ஒப்புக்கொண்டான்' என்று எழுதினால் குருவானவர் விசாரணை நடத்துவது போல ஆகிவிடும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். 'சரணடைந்தவன் போல ஒப்புக்கொண்டான்' என்று உவமை எழுதுவதற்கு முன் ஒருமுறை நின்று யோசியுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் சரணடைதல் என்ற சொல் உவமைக்கு எடுக்கிற சொல்லாக இல்லை. அந்த வரியை வாசிக்கிறவருடைய வீட்டில், சரணடைந்து திரும்பி வராத ஒருவரின் படம் மாட்டியிருக்கலாம். வேறு சொல் கிடைக்கும், தேடுங்கள்.

3. தனித்தாளில் நான்கு விடைகள்

யாரிடம் ஒப்புக்கொள்கிறான்? அம்மாவிடமா, கமக்காரர் அமைப்புத் தலைவரிடமா, இழப்பு வந்த ஆளிடமேவா? தலைவர் பெரியப்பா முறை என்றால் குரல் ஒரு மாதிரி வரும். பழக்கமில்லாத உத்தியோகத்தர் என்றால் வேறு மாதிரி.

கேட்டார்களா, கேட்காமலே சொன்னானா? இந்த ஒரு விடையே பாதி வினையடைகளைக் கழித்துவிடும். கேட்காமலே சொன்னவனுக்கு 'வேண்டாவெறுப்பாக' பொருந்தாது. பத்துத் தரம் கேட்ட பிறகு சொன்னவனுக்குத் 'தாமாக முன்வந்து' பொருந்தாது.

ஒப்புக்கொண்டால் என்ன இழப்பான்? காசா, மரியாதையா, அடுத்த முறைத் தண்ணீரா? இழப்பு பெரிதாக இருந்தால் வினையடை சிறிதாக இருக்கட்டும். கண்ணீரும் விம்மலும் சிறிய இழப்புக்கு எழுதினால் கேலி போலத் தெரியும். பெரிய இழப்புக்கு எழுதினால் ஏற்கெனவே இருக்கிற பாரத்தின் மேல் இன்னொன்றை ஏற்றியதாகும்.

கேள்விக்கும் விடைக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? உடனேயா, ஒரு மூச்சு விட்ட பிறகா, மூன்று நாள் கழித்தா? இதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். 'மெதுவாக' என்று எழுதும்போது குரல் மெதுவா, பேச்சு மெதுவா, விடை வரத் தாமதமா என்பது அவர்களுக்கே தெரியாது.

4. அவர் வாயில் வரும் வரியைச் சரி செய்யுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாணவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதுதான். நம் பேச்சுத் தமிழில் ஒப்புக்கொள்ளும் விதம் வினையின் வாலிலேயே இருக்கிறது. மூன்று வரிகளைப் பாருங்கள்.

"ஓம் பெரியப்பா, நான்தான் வெட்டினனான்."

"ஓம் பெரியப்பா, நான் வெட்டினன்தான்."

"ஓம் பெரியப்பா, நான் வெட்டிப்போட்டன்."

முதல் வரியில் 'தான்' ஆளோடு ஒட்டியிருக்கிறது. யார் வெட்டியது என்பதுதான் கேள்வி, அதற்கு நேரான விடை. 'வெட்டினனான்' என்ற வடிவம் வெட்டிய ஆள் நான் என்று தன்னைச் சுட்டுகிறது. ஒளிக்க எதுவும் இல்லை.

இரண்டாவது வரியில் அதே 'தான்' வினைக்குப் போய்விட்டது. வெட்டியது உண்மைதான், ஆனால் ஒரு காரணம் இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த வரியைக் கேட்ட எவரும் அடுத்து வரப்போகும் 'ஆனா'வுக்குக் காத்திருப்பார்கள். 'ஒப்புக்கொண்டும் விட்டுக்கொடுக்காமல்' என்று வினையடை எழுதத் தேவையில்லை. அது உள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது வரியில் 'போட்டன்'. செய்திருக்கக் கூடாததைச் செய்துவிட்டேன் என்ற வருத்தம் அந்த ஒரு துண்டில் வந்துவிட்டது. இதற்குப் பின்னால் 'என்று வருத்தத்துடன் கூறினான்' என்று எழுதினால் சோற்றுக்கு மேலே சோறு போட்டது போலாகும்.

'ஓம்' கூட ஒன்றல்ல. தனி 'ஓம்' நேரானது. 'ஓமோம்' அவசரம், பேச்சை முடிக்கப் பார்க்கிறது. சிறு பிள்ளைகள் 'ஓம்' சொல்லவே மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். முள்ளியவளையில் இருக்கிற ஒருவனை 'ஆமா' என்று பேச வைக்காதீர்கள். தொலைக்காட்சி நாடகம் பார்த்துப் பார்த்து மாணவர்களின் கையில் அது தானாக வருகிறது. அந்த ஒரு சொல்லால் வாசகர் காட்சியை விட்டு வெளியே வந்துவிடுவார்.

வரியை எழுதியதும் வாய்விட்டு வாசியுங்கள். வரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் 'என்றான்' என்று முடித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போகலாம்.

5. துணைவினையைப் பயன்படுத்திப் பாருங்கள்

நேர்ப்பேச்சு இல்லாமல் கதைசொல்லியின் குரலிலேயே எழுதுகிறீர்கள் என்றால், வினையடைக்கு முன்னால் துணைவினையை முயற்சி செய்யுங்கள். அது ஒரு சிறு துண்டில் வேலையை முடிக்கும்.

'சொல்லிவிட்டான்': இனித் திரும்ப எடுக்க முடியாது. பாரம் இறங்கியது என்றும் படும், விளைவு தொடங்கியது என்றும் படும்.

'சொல்லித் தொலைத்தான்': எரிச்சல். ஆனால் யாருடைய எரிச்சல் என்று பாருங்கள். இது பெரும்பாலும் கதைசொல்லியின் எரிச்சல். கதைசொல்லி அவன்மேல் கோபப்படவில்லை என்றால் எழுதாதீர்கள்.

'சொல்லிவைத்தான்': பின்னால் உதவும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. சீட்டுக் காசை எடுத்துச் செலவழித்த அக்கா ஒருவர், கதை வெளியே வரும் முன்பே தன் சிநேகிதிக்கு மட்டும் சொல்லிவைக்கிறார். 'தந்திரமாக' என்ற வினையடையை இது மிச்சப்படுத்தும்.

'ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று': வேறு வழி இல்லை என்பது இதிலேயே இருக்கிறது. இதோடு 'வேறு வழியின்றி' சேர்த்து எழுதுவது நான் திருத்தும் தாள்களில் எப்போதும் வருகிற பிழை.

'சொல்லிக்கொண்டான்' மட்டும் பொறி. அது தனக்குத் தானே சொன்னதாகவோ, தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதாகவோ பொருள் தரும். 'ஒப்புக்கொண்டான்' என்பதில் 'கொள்' வருகிறதே என்று நம்பி இதை மாற்றி எழுதாதீர்கள்.

6. இப்போது வினையடை

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அந்தக் குறை என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். 'அவன் விரும்பிச் சொல்லவில்லை என்பது தெரியவில்லை' என்பது போல. அந்த வரிக்குத்தான் சொல் தேடுகிறீர்கள்.

விருப்பமின்மையைக் காட்டுபவை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கும். 'வேறு வழியின்றி' என்றால் தடை வெளியே இருக்கிறது. சாட்சி வந்துவிட்டது, மண்வெட்டியில் சேறு காயவில்லை, தப்ப இடமில்லை. 'வேண்டாவெறுப்பாக' என்றால் தடை உள்ளே. சொல்கிறான், ஆனால் சொல்லும்போது முகம் கசக்கிறது, கேட்டவர் மேலேயே கோபம். 'அரைமனதுடன்' என்றால் பாதி மறைத்துப் பாதி சொல்கிறான், அல்லது சொன்னது சரிதானா என்று இன்னும் ஐயப்படுகிறான். நம் இளைஞனுக்கு மூன்றையும் வைத்துப் பாருங்கள். மூன்று வேறு ஆட்கள் எழுந்து நிற்பார்கள்.

'தயங்கி', 'தயங்கித் தயங்கி', 'தயக்கத்துடன்' மூன்றும் ஒன்றல்ல. 'தயங்கி' என்றால் ஒருமுறை நின்றான், பிறகு சொன்னான். 'தயங்கித் தயங்கி' என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றான், பேச்சு நீண்டது. அடுக்கி வரும்போது நேரமும் நீள்கிறது. 'தயக்கத்துடன்' என்பது மனநிலை மட்டும், அவன் எப்படிப் பேசினான் என்பது தெரியாது. மூன்றில் மிக மங்கலானது அதுதான், மிக அதிகம் எழுதப்படுவதும் அதுதான்.

மறைக்காமல் சொல்வதிலும் இதே கதை. 'வெளிப்படையாக' பொதுவானது. 'ஒளிவுமறைவின்றி' என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட விடயங்கள் இருக்க வேண்டும், அவை எல்லாவற்றையும் சொன்னான். வரம்பை ஒருமுறை வெட்டியதற்கு இந்தச் சொல் பெரிது. போன மாதமும் வெட்டினேன், அதற்கு முதலும் வெட்டினேன் என்று சொன்னால் பொருந்தும். 'கூசாமல்' என்றால் கதைசொல்லி அவனைக் குறை சொல்கிறார். கூச வேண்டிய இடத்தில் அவன் கூசவில்லை.

நழுவிச் சொல்வதற்குத் தமிழ் வளமானது. 'பட்டும் படாமலும்', 'மென்று விழுங்கி', 'மழுப்பலாக', 'சுற்றிவளைத்து'. 'மென்று விழுங்கி' என்பதில் சொல் வாய்வரை வந்து திரும்பிப் போகிறது, அச்சம் இருக்கிறது. 'சுற்றிவளைத்து' என்பதில் அச்சத்தைவிடச் சாமர்த்தியம் கூட.

'மனதார' என்பதை ஒப்புக்கொள்வதோடு சேர்க்கும்போது யோசியுங்கள். மனதார வாழ்த்தலாம், மனதார மன்னிக்கலாம், மனதார ஏற்றுக்கொள்ளலாம். 'தவறை மனதார ஒப்புக்கொண்டான்' என்றால் என் காதுக்கு மேடைப்பேச்சு போலக் கேட்கிறது.

7. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே உணர்வைப் பல வடிவங்களில் எழுதலாம். '-ஆக' எளிது, அதனால் கை முதலில் அங்கே போகிறது. ஆனால் '-ஆக' ஒரு பெயரை எடுத்து ஒட்டுகிறது. அதில் அசைவு இல்லை. 'தயக்கமாக', 'அழுகையாக' என்றெல்லாம் உருவாக்கினால் காதுக்கு உறுத்தும்.

'தலைகுனிந்து', 'தடுமாறி' போன்ற வினையெச்சங்களில் உடல் அசைகிறது. 'கண்ணிமைக்காமல்', 'நிமிர்ந்து பாராமல்' போன்ற எதிர்மறை வடிவங்களுக்குத் தனி வலு உண்டு. செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்று அவை காட்டுகின்றன, வாசகர் அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறார்.

'குரல் தழுதழுக்க', 'கை நடுங்க' போன்ற '-அ' வடிவத்தில் இன்னொரு வசதி. அங்கே குரல் தானாகத் தழுதழுக்கிறது, கை தானாக நடுங்குகிறது. அவன் செய்யவில்லை, அவனுக்கு நடக்கிறது. அடக்க முடியாத உணர்வுக்கு இதுதான் சரியான வடிவம்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு பாலைப்பழம். சாப்பிட்டால் உதட்டில் பால் பிசின் போல ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறந்தால் உதடு இழுபடும். தம்பிக்கு வைத்திருந்த பழத்தைத் தின்ற ஆறு வயதுச் சிறுமியிடம் அம்மா கேட்கிறார். ஒரு மாணவன் 'பயத்துடன் ஒப்புக்கொண்டாள்' என்று எழுதியிருந்தான். பேசிப் பார்த்த பிறகு இப்படி மாற்றினான்: 'உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய, "நான் தின்னேல்லை அம்மா" என்றாள்.' வாய் மறுக்கிறது, உதடு ஒப்புக்கொண்டுவிட்டது. 'ஒப்புக்கொண்டாள்' என்ற வினைகூடத் தேவைப்படவில்லை.

8. எங்கே வைப்பது

வினையடையை அது தழுவும் வினைக்குப் பக்கத்தில் வையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், முன்னால் வைத்த சொல் வழியில் வரும் வேறு வினையோடு ஒட்டிக்கொள்ளும்.

'அவன் அழுதுகொண்டே ஓடிவந்த தங்கையிடம் உண்மையை ஒப்புக்கொண்டான்.' அழுதது யார்? அவனா, தங்கையா? அவன் என்றால்: 'ஓடிவந்த தங்கையிடம் அவன் அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டான்.' அவள் என்றால் பழைய வாக்கியத்தில் 'அவன்' என்பதைத் 'தங்கையிடம்' என்பதற்குப் பின்னால் நகர்த்துங்கள்.

நேரத்தைச் சொல்பவை ('ஈற்றில்', 'மூன்றாம் நாள்') வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கலாம். விதத்தைச் சொல்பவை வினையை ஒட்டி இருக்கட்டும்.

9. கதையல்ல, பதிவு என்றால்

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களும், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர்களும் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. இங்கே 6ஆம் படியின் பெரும்பாலான சொற்கள் தடை. 'வெட்கத்துடன்', 'கூசாமல்', 'அரைமனதுடன்' எல்லாம் உங்கள் அபிப்பிராயம். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும் வரலாம்: 'எழுந்து நின்று', 'கேட்கப்படாமலே', 'எழுத்தில்', 'சபையின் முன்னிலையில்'.

சில வினையடைகள் அழகுக்கு வருபவை அல்ல, அவை உண்மைத் தகவல்கள். 'தாமாக முன்வந்து' என்பது அப்படிப்பட்டது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நீதிமன்றங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவின்படி அச்சுறுத்தலாலோ தூண்டுதலாலோ வாக்குறுதியாலோ பெறப்பட்டதாகத் தோன்றும் குற்ற ஒப்புதல் செல்லாது. 25ஆம் பிரிவு பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த விடாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதை மாற்றியது. அதன் 16ஆம் பிரிவின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக முன்வைக்கலாம். அது செல்லாது என்று காட்டும் பாரம் ஒப்புதல் கொடுத்தவர் தலையில் விழுகிறது.

ஆகவே வன்னியில் உட்கார்ந்து 'தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டார்' என்று எழுதும்போது, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்களா? அவரிடம் முன்னரே யாராவது ஏதாவது சொன்னார்களா? தெரியாவிட்டால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். 'ஒப்புக்கொண்டார்' என்று மட்டும் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

10. வழக்கமாக வரும் பிழைகள்

அடுக்குதல். 'வெட்கத்துடன் தலைகுனிந்து கூனிக்குறுகி ஒப்புக்கொண்டான்.' மூன்றும் ஒரே வேலை. கண்ணுக்குத் தெரியும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள்.

'உண்மையாக ஒப்புக்கொண்டான்.' பெரும்பாலும் இவர்கள் சொல்ல வந்தது 'உண்மையை ஒப்புக்கொண்டான்' என்பது. ஒரு வேற்றுமை உருபு போதும், வினையடை வேண்டாம்.

'திடீரென்று'. யாரும் கேட்காத இடத்தில் மட்டும் இதற்கு வேலை. கேள்விக்கு வந்த விடை வேகமானது என்றால் 'சட்டென்று' அல்லது 'உடனே'.

தன்மையில் கதை சொல்லும்போது 'நான் நேர்மையாக ஒப்புக்கொண்டேன்' என்று எழுதுவது. தனக்குத்தானே நற்சான்றிதழ் கொடுப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். தன்மையில் எழுதினால் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

'பெருமையுடன் ஒப்புக்கொண்டார்.' செய்ததில் பெருமை இருந்தால் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? 'பெருமையுடன் சொன்னார்' என்று வினையை மாற்றுங்கள். தான் செய்த பிழையிலேயே பெருமைப்படும் ஒருவரைக் காட்டுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் மட்டும் அப்படியே விடலாம்.

11. ஒரு பந்தியைத் திருத்திப் பார்ப்போம்

மாணவி ஒருத்தி முதலில் எழுதியது:

'எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் மிகுந்த தயக்கத்துடனும் வெட்கத்துடனும் மெதுவாகத் தன் தவறை உண்மையாக ஒப்புக்கொண்டான்.'

வினையடைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தனித்தாளில் விடை எழுதச் சொன்னேன். யாரிடம்? தலைவரான பெரியப்பாவிடம், ஆனால் உண்மையில் அந்த அக்காவிடம். கேட்டார்களா? பொதுவாகக் கேட்டார்கள், அவனைக் கேட்கவில்லை. என்ன இழப்பான்? தன் முறைத் தண்ணீரை. எவ்வளவு நேரம்? கூட்டம் முடியப் போகும்வரை.

அதற்குப் பிறகு அவள் எழுதியது:

'ஆர் வெட்டினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் கொப்பியை மூடினார். கடைசி வரிசையில் ஒரு கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

"நான் வெட்டிப்போட்டன் பெரியப்பா."

"சரி, இரு தம்பி. இருந்து கதை."

அவன் உட்காராமலே முன்வரிசையைப் பார்த்தான். "அக்கா, வாற கிழமை என்ர முறையை நீங்கள் எடுங்கோ."

அந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.'

விதத்தைச் சொல்ல அவள் வைத்த ஒரே வினையடை 'உட்காராமலே'. 'ஒப்புக்கொண்டான்' என்ற சொல்லே இல்லை. முதலில் 'உட்காராமல்' என்று எழுதி, வாசித்துப் பார்த்துவிட்டு 'ஏ' ஒன்றைச் சேர்த்தாள். இருக்கச் சொன்ன பிறகும் நிற்கிறான் என்பது அந்த 'ஏ'யில்தான் கேட்கிறது.

அன்றைக்கு வகுப்பில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளரும் இருந்தார். இதே கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினால் எப்படி வரும் என்று அவரிடம் கேட்டேன். அவர் எழுதியது: 'அங்கத்தவர் ஒருவர் எழுந்து நின்று, வரம்பை வெட்டியது தாம் என ஒப்புக்கொண்டார். அடுத்த வாரத் தமது முறையைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்க முன்வந்தார்.' முதலில் 'மனம் வருந்தி' என்று ஒன்று இருந்தது. அதை அவரே கோடு போட்டு வெட்டிவிட்டார்.